ஆரம்பக் கர்ப்பகால ஸ்கேன் குறைகளும் தொற்றுநோய்களும்

கர்ப்பத்தின் முதல் 14 வாரங்களுக்குள் எடுக்கப்படும் ஸ்கேனில், கருவின் இதயத்துடிப்பு புலப்படாமையோ, கருவைச் சூழும் உறை வெறுமையாயிருத்தலோ, சிசுவின் பிடரித்தோலின் கீழ் நீர் மிகுந்திருத்தலோ கண்டறியப்படும்போது, ஏதேனும் தொற்று நேர்ந்ததோ என்னும் ஐயம் எழுவது இயல்பு. ஆயினும், ஆரம்பத்திலேயே சிதையும் கர்ப்பங்களுள் ஏறத்தாழப் பாதிக்குக் காரணம் கருவின் குரோமோசோம் பிழையே. தாய் செய்த குற்றம் ஒன்றுமில்லை என்பதை முதற்கண் அழுத்திச் சொல்லவேண்டும்.

தொற்றின் சுவடு ஓரளவேனும் ஸ்கேனில் தென்படக்கூடிய நோய்களுள் பார்வோ வைரஸ் பி19 முக்கியமானது. சிறுவர்களுக்குக் கன்னம் சிவந்த இலேசான காய்ச்சலாய் வந்துபோகும் இக்கிருமி, கர்ப்பிணியின் வழியே சிசுவை அடைந்தால், சிவப்பணுக்களை உண்டாக்கும் மூல அணுக்களை அழித்து இரத்தசோகையை விளைவிக்க, அதனால் இதயம் தளர்ந்து உடலெங்கும் நீர் கோத்துக்கொள்கிறது. இது பெரும்பாலும் நடுக்கர்ப்பத்தில் வெளிப்படுமாயினும், பிடரிநீரை அளக்கும் என்.டி. ஸ்கேனிலேயே அது மிகுந்து காணப்படுவதும் சில வேளை உண்டு. குரோமோசோம் பிழையும் இதயக் குறையும் இல்லையெனத் தெளிந்தபின் இக்கிருமியை ஐயுறுவதில் பெரும்பயன் உண்டு. ஏனெனில், பின்னர் தொப்புள்கொடி வழியே இரத்தம் ஏற்றிச் சிசுவைக் காக்க இயலும்.

பெங்களூரின் நீலசந்திரா, ஆஸ்டின் டவுன், விவேக் நகர் முதலிய, தமிழர் பலர் வாழும் பகுதிகளிலும், பிற இந்திய நகரங்களிலும், கர்ப்பம் கலைந்ததும் பலருக்கு எழுதித்தரப்படும், சில தொற்றுகளைத் தேடும் ‘டார்ச்’ இரத்தச் சோதனையைப் பற்றி எச்சரிக்கை அவசியம். அதில் ஐ.ஜி.ஜி. என்னும் எதிர்ப்பொருள் மட்டும் இருப்பது முன்னெப்போதோ தொற்று வந்துபோனதற்கே பெரிதும் அடையாளம், ஐ.ஜி.எம். என்னும் எதிர்ப்பொருள் கூடத் தொற்று தீர்ந்து பல மாதங்கள் நீடிக்கக்கூடும். இவற்றைக் கொண்டு அண்மைச் சிதைவுக்குக் காரணம் கற்பித்து மருந்து கொடுத்தல் நியாயமாகாது. இதற்கு மாறாக, பெனிசிலினால் குணமாகும் சிபிலிஸ் நோய்க்கான சோதனையோ ஒவ்வொரு கர்ப்பத்திலும் இன்றியமையாதது.

ருபெல்லா என்னும் தொற்றின் நிலை வேறு. 1941-இல் சிட்னி நகரக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் எடுத்துரைத்தவாறு, தாய்க்கு ஆரம்ப மாதங்களில் வரும் இந்நோய் சிசுவின் கண்ணையும் இதயத்தையும் தாக்கும், செவியும் கெடும். ஆனால் இக்கேடுகளுள் பெரும்பாலானவை முதல் ஸ்கேனில் தென்படா. ஆதலின் ஸ்கேன் நன்றாயிருப்பது மட்டும் அபயமளிக்காது. 2017 பிப்ரவரியில் பெங்களூரில் தொடங்கிவைக்கப்பட்ட தட்டம்மை-ருபெல்லா இயக்கம், கர்நாடகம், தமிழ்நாடு, புதுச்சேரி, கோவா, இலட்சத்தீவு ஆகியவற்றில் 9 மாதம் முதல் 15 வயதுக்குட்பட்ட சிறாருக்குத் தடுப்பூசி அளித்தது. அவ்வயதைக் கடந்திருந்ததால் அதனைப் பெறாத பெண்கள், கருவுறுமுன்னரே ஊசி போட்டுக்கொண்டு, அதன்பின் ஒரு மாதமேனும் கழித்துக் கருத்தரித்தல் வேண்டும். கர்ப்பிணிக்கு இது இடப்படுவதில்லை.