மூன்று ஓகஸ்ட் மாதங்கள்: எமது ஆங்கில விஞ்ஞான முகாம், 2003–2005

நூறு ஆண்டு வரலாற்றை எழுதும்போது கட்டடங்களுக்கும் அதிபர்களுக்கும் பெறுபேறுகளுக்கும் முதலிடம் கிடைப்பது இயல்பு. ஆனால் 2003, 2004, 2005 ஆகிய மூன்று ஆண்டுகளின் ஓகஸ்ட் விடுமுறையில் உயர்தர வகுப்பு மாணவியர் மலைநாட்டுக்குச் சென்று நடத்திய ஆங்கில விஞ்ஞான முகாம் பற்றி எமது கல்லூரியின் ஏடுகளில் இருப்பது ஒரேயொரு வரி. "மாணவியர் கண்டிக்குச் சுற்றுலா சென்று மகிழ்ந்தனர்" என்று பரிசளிப்பு விழா அறிக்கையொன்று கூறுகின்றது. மகிழ்ந்தது உண்மை. சுற்றுலா என்பது சரியல்ல. முதலாவது முகாமில் பங்குபற்றிய நாம், எம்மிடம் எஞ்சியிருக்கும் இரண்டு கொப்பிகளையும் எமது நினைவையும் கொண்டு இதனை எழுதி வைக்கின்றோம்.

அக்காலத்தில் இப்படியொரு முகாம் ஏன் தேவைப்பட்டது என்பதைச் சொல்லாமல் மேலே செல்ல முடியாது. யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் எந்த மொழியில் கற்பிக்கப்பட வேண்டும் என்ற கேள்வி எமது கல்லூரியைவிட வயதில் மூத்தது. 1847 இல் இங்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் முதலில் ஆங்கிலத்திலேயே மருத்துவம் கற்பித்தார். பின்னர் தமிழுக்கு மாறினார். கற்றவர்கள் ஊரிலேயே நின்று ஊர் மக்களுக்கு வைத்தியம் செய்ய வேண்டும் என்பது அவரது எண்ணம். 1875 இல் வெளிவந்த 'கெமிஸ்தம்' என்ற இரசாயன நூல் அந்த முயற்சியின் விளைவுகளில் ஒன்று. அதற்குப் பிந்திய காலத்திலும் நகரத்துப் பெரிய பாடசாலைகளில் ஆங்கிலமே கோலோச்சியது. 1945 இல் இலவசக் கல்வி வந்தது. 1950களில் இருந்து மேல் வகுப்புகள் படிப்படியாகத் தாய்மொழிக்கு மாறின. எமது அம்மாமார் ஒளித்தொகுப்பு, ஆவியுயிர்ப்பு, பிரசாரணம் என்று தெளிவான தமிழிலேயே உயிரியல் படித்தார்கள். நாமும் அப்படியே படித்தோம். அதில் எமக்குக் குறை எதுவும் இருந்ததில்லை, இன்றும் இல்லை.

குறை வேறிடத்தில் இருந்தது. பல்கலைக்கழகத்தில் மருத்துவமும் பொறியியலும் ஆங்கிலத்தில். உயர்தரம் வரை தமிழில் படித்த பிள்ளை அந்த வாசலைத் தாண்டியதும் முதல் ஆண்டு முழுவதும் அகராதியோடு மல்லுக்கட்டியது. 2001 இல் உயர்தர விஞ்ஞானப் பாடங்களை ஆங்கில மொழிமூலம் கற்க அரசு மீண்டும் இடமளித்தது. ஆனால் போர் தின்ற ஒரு தசாப்தத்தின் பின் எமது ஆசிரிய அறையில் அதற்கு ஆளில்லை. ஆங்கில ரீச்சர் ஒருவர் இருந்தார், அவருக்கு விஞ்ஞானம் தெரியாது. உயிரியல் ரீச்சர் ஒருவர் இருந்தார், அவருக்கு ஆங்கிலம் பேசக் கூச்சம். முகாம் என்ற யோசனை இந்த இருவரும் ஒரு மேசையில் இருந்து தேநீர் குடித்தபோது பிறந்தது என்று பின்னாளில் அறிந்தோம்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை, அவ்வாண்டு ஏப்ரலில் ஏ-9 பாதை திறப்பு. இந்த இரண்டும் இல்லாவிட்டால் எதுவும் நடந்திராது. செலவுக்குக் கடல் கடந்து வாழ்ந்த சில பழைய மாணவிகள் பணம் அனுப்பினார்கள். பெயர் வேண்டாம் என்று அன்று கேட்டுக்கொண்டார்கள், இன்றும் அவ்வாறே விடுகின்றோம். பெற்றோரைச் சம்மதிக்க வைத்ததுதான் பெரும்பாடு. உயிரியல் ரீச்சர் ஒவ்வொரு வீட்டுக்கும் சைக்கிளில் போனார்.

முதற் பயணத்தில் எமது பஸ்ஸில் விசித்திரமான பொதியொன்று இருந்தது. கல்லூரிக் கிணற்று நீர் நிரப்பி மெழுகால் அடைத்த மூன்று சோடாப் போத்தல்கள், இரண்டு வெப்பமானிகள், ஒரு ஸ்பிரிட் லாம்பு, சவர்க்காரக் கரைசல். வழியில் சோதனைச் சாவடி ஒன்றில் போத்தல்களைத் தூக்கிப் பார்த்தவர்கள் இது என்ன என்று கேட்டார்கள். "எங்கட பள்ளிக்கூடக் கிணத்துத் தண்ணி" என்று சொன்ன ரீச்சர் ஒரு போத்தலைத் திறந்து ஒரு மிடறு குடித்தும் காட்டினார். ஊர்க் கிணற்று நீரைக் கண்டிக்குக் கொண்டு போகும் மனிதர்களை அவர்கள் முதல் தடவையாகக் கண்டிருக்க வேண்டும். விட்டுவிட்டார்கள்.

கண்டியில் ஒரு பெண்கள் பாடசாலையின் விடுதி எம்மை ஏற்றது. அங்கு எம் வயதொத்த சிங்கள மாணவியர் இருபது பேர் முகாமில் சேர்ந்துகொண்டார்கள். காலை உணவு முதல் இரவு விளக்கணைக்கும் வரை ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும் என்று எமது ஆங்கில ரீச்சர் விதி வகுத்திருந்தார். விதியால் எதுவும் நடக்கவில்லை. முதல் நாள் மாலை வரை இரு பக்கமும் புன்னகை மட்டுமே. உண்மையில் எம்மைப் பேச வைத்தது குளியலறை. தண்ணீரை வாளி வாளியாக ஊற்றியும் உடம்பில் வழுவழுப்பு நீங்கவில்லை. "சவர்க்காரம் போகுதில்லையடி" என்று உள்ளே ஒரே கூச்சல். வெளியே வரிசையில் நின்ற கண்டிப் பிள்ளைகள் பயந்து போய் என்ன ஆயிற்று என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, எமக்குச் சிங்களம் தெரியாது. விளக்கியாக வேண்டும், விளக்க ஒரே வழிதான் இருந்தது. தலையில் துவாயுடன் நின்றபடி எமது ஆங்கிலம் தொடங்கியது.

மறுநாள் காலை அதுவே முதற் பரிசோதனை ஆயிற்று. எமது குடாநாட்டு நிலத்தின் கீழே சுண்ணாம்புக் கல். அதனூடாக இறங்கும் மழைநீர் கல்சியம் உப்புகளைக் கரைத்துக்கொண்டு கிணற்றுக்கு வருகின்றது. அதனால்தான் கேத்திலில் வெள்ளைப் படிவு. அதனால்தான் நுரை வரச் சவர்க்காரத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கரைக்க வேண்டியிருக்கின்றது. மலைநாட்டு நீர் மென்னீர். அதில் சிறிது தேய்த்தாலே போதும், கழுவிய பின்னும் தோலில் வழுக்கும். ஒரே அளவு நீரில் சவர்க்காரக் கரைசலைத் துளித்துளியாக விட்டுக் குலுக்கினோம். விடுதிக் குழாய் நீரில் ஏழெட்டுத் துளிகளில் நுரை நின்றது. எமது கிணற்று நீரில் நாற்பதைத் தாண்டியும் நிற்கவில்லை. கொப்பியில் இந்தப் பக்கத்தின் ஆங்கிலம் பிழைகள் மலிந்தது. ஆனால் எவர் வாசித்தாலும் என்ன செய்தோம் என்பது விளங்கும்.

பேராதனைத் தாவரவியற் பூங்கா அடுத்த நாள். 1821 இல் தொடங்கப்பட்டது, மகாவலி மூன்று பக்கமும் வளைத்து ஓடும் 147 ஏக்கர் நிலம். அங்கு பனை மரங்கள் வரிசையாக நிற்பதைக் கண்டதும் நாம் ஓடிப்போய்த் தொட்டோம். பக்கத்திலே சீசெல்ஸ் தீவுகளின் இரட்டைத் தேங்காய் மரம், உலகிலேயே மிகப் பெரிய வித்தைத் தருவது. அது பனைக்கு நெருங்கிய உறவு. பனையைப் போலவே அதிலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. கண்டிப் பிள்ளைகள் ஆச்சரியப்பட்டார்கள். எமக்கு அதில் என்ன ஆச்சரியம்? ஆண் பனை பெண் பனை என்று தெரியாத பிள்ளை எங்கள் ஊரில் உண்டா? அன்று முழுவதும் நாமே ஆசிரியைகள். நுங்குக்கு மூன்று கண் இருப்பதையும், விதையைப் புதைத்துக் கிழங்கு எடுப்பதையும், அதைக் காயவைத்து ஒடியல் ஆக்குவதையும் ஆங்கிலத்தில் சொன்னோம். ஒடியலுக்கு ஆங்கிலச் சொல் எவருக்கும் கிடைக்கவில்லை. ஒடியல் என்றே கொப்பியில் ஆங்கில எழுத்தில் இருக்கின்றது. தெரிந்த விடயத்தைப் பற்றிப் பேசும்போதுதான் மொழி வாயில் வரும் என்பது எமது கருத்து. கடையிலே காய்கறி வாங்குவது போல நடித்துப் பழகிய ஆங்கிலம் எம்மை எங்கும் கொண்டு சென்றதில்லை.

நான்காம் நாள் நானுஓயாவுக்கு ரயில். யாழ்தேவி 1990 இல் எமது ஊருக்கு வராமல் போனபோது எம்மில் பலருக்கு வயது நான்கு, ஐந்து. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்கு குழிகளுக்குப் போய்விட்டன. பாடப் புத்தகத்தில் ரயிலின் வேகம், ஆர்முடுகல் என்று எத்தனையோ கணக்குகளைச் செய்திருக்கின்றோம். ரயிலைக் கண்டதில்லை. மலையையும் கண்டதில்லை.

நுவரெலியாவின் உயரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர். அங்கு வளிமண்டல அமுக்கம் குறைவு, எனவே நீர் குறைந்த வெப்பநிலையில் கொதிக்கும். புறப்படுமுன் கல்லூரி ஆய்வுகூடத்தில் அளந்தது 100 பாகை. கண்டியில் 98. நுவரெலியாவில் குளிரில் நடுங்கிக்கொண்டு ஸ்பிரிட் லாம்பைச் சுற்றி நின்றோம். நீர் கொந்தளித்தது, ஆனால் வெப்பமானி 94 இற்கு மேல் அசையவில்லை. வெப்பமானி பழுது என்று ஒருத்தி சொன்னாள். மற்றதையும் வைத்தோம். அதுவும் 94. மூன்று புள்ளிகளையும் வரைபில் குறித்தபோது அவை ஏறக்குறைய ஒரு நேர்கோட்டில் விழுந்தன. அன்றிரவு பருப்பு அவிய ஏன் நேரமெடுத்தது என்று எவரும் ரீச்சரிடம் கேட்கவில்லை.

ஹக்கலைப் பூங்கா கொயினாவுக்காகத் தொடங்கப்பட்டது. மலேரியாவுக்குக் கொயினா தரும் சிங்கோனாவை இலங்கையில் பயிரிட 1861 இல் இவ்விடம் திறக்கப்பட்டது. அதைக் கேட்டபோது எம்மில் மூவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வின் பின் வன்னியில் இருந்தபோது மலேரியாக் காய்ச்சலில் கிடந்தவர்கள் நாம். குளோரோகுயின் குளிசையின் கசப்பு அப்போதும் நாவில் இருந்தது. 1934, 1935 ஆம் ஆண்டுகளின் கொள்ளைநோயில் இந்நாட்டில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர் என்றும், மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகத் தேங்கியதால் நுளம்பு பெருகியது என்றும் உயிரியல் ரீச்சர் சொன்னார். அவர் ஆங்கிலத்தில் தடுமாறாமல் பேசியதை நாம் முதன்முதலில் கேட்டது அங்கேதான். கண்டிப் பிள்ளை ஒருத்தி எமது காய்ச்சலைப் பற்றிக் கேட்டாள். எத்தனை நாள், மருந்து எங்கே கிடைத்தது, வீடு எங்கே இருந்தது. சொன்னோம். முகாமில் பேசிய ஆங்கிலத்தில் அதுதான் கடினமானது. 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தபோது வைத்தியசாலைக் கடமையில் இருந்த எமக்கு அவளது முகம் நினைவுக்கு வந்தது.

2004 இலும் 2005 இலும் எமது தங்கைமார் சென்றார்கள். பரிசோதனைகள் கூடின, பருப்பு மட்டும் அப்படியே. ஆழிப்பேரலையின் பின் நடந்த 2005 முகாமில் கண்டிப் பிள்ளைகள் கொப்பிகளும் பேனைகளும் சேர்த்து வைத்திருந்து கொடுத்தார்கள். இம்முகாம்களுக்குச் சென்ற பலர் பின்னர் மருத்துவ, பொறியியல் பீடங்களில் நுழைந்தனர். ஒரு வாரத்தில் எவருக்கும் ஆங்கிலம் வந்துவிடவில்லை, அப்படிச் சொன்னால் அது பொய். ஆனால் முதலாண்டு விரிவுரையில் கையை உயர்த்தி, பிழையான ஆங்கிலத்தில், சரியான கேள்வியைக் கேட்க எமக்குத் தயக்கம் இருக்கவில்லை. இன்று நோயாளியிடம் தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதுகின்றோம். வைத்தியர் கிறீன் இதை விரும்பியிருப்பாரோ தெரியாது.

2006 முகாமுக்கு ஓகஸ்ட் மூன்றாம் வாரம் குறிக்கப்பட்டிருந்தது. பணம் கட்டியாயிற்று, போத்தல்களும் நிரப்பியாயிற்று. ஓகஸ்ட் 11 ஆம் திகதி ஏ-9 பாதை மூடப்பட்டது. அதன் பின் இந்த முகாம் நடக்கவில்லை. 2014 இல் யாழ்தேவி மீண்டும் வந்த பின்னர் கண்டிக்குப் பல சுற்றுலாக்கள் சென்றுள்ளன. ஒரே நாளில் ஏழு இடம் பார்த்துப் படமெடுத்துத் திரும்புகின்றார்கள். அதைக் குறை சொல்வதற்கில்லை, ஆனால் அது வேறு.

2003, 2004 ஆம் ஆண்டுகளின் கொப்பிகள் நூற்றாண்டுக் கண்காட்சியில் வைக்கப்படுகின்றன. 2005 ஆம் ஆண்டுக் கொப்பி எவரிடமாவது இருந்தால் பழைய மாணவிகள் சங்கத்துக்கு அனுப்பி வைக்குமாறு கேட்டுக்கொள்கின்றோம். பிரதியாயினும் போதும். 2006 பட்டியலும் எம்மிடம் உள்ளது, அதில் முப்பத்து நான்கு பெயர்கள். விடுதியில் தங்கிப் படித்து வன்னியில் உள்ள வீடுகளுக்கு விடுமுறைக்குச் சென்ற இருவர் பற்றி 2009 இற்குப் பின் எமக்குத் தகவல் இல்லை. 2007 உயர்தரப் பிரிவு மாணவியர் இதை வாசித்தால் அவர்கள் யாரென்று அறிவார்கள். ஏதும் தெரிந்தவர்கள், எந்நாட்டில் இருந்தாலும், சங்கச் செயலாளருக்கு எழுதுங்கள்.