போர்ப்புகையும் வரலாற்றுத் தீர்ப்பும்: புள்ளலூர், 1780

ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் புள்ளலூர்ப் போர் ஓவியமாகத் தீட்டப்பட்டுள்ளது. பல்லக்கில் ஆங்கிலத் தளபதி பேய்லி அமர்ந்திருக்க, அவர் படை சதுரமாகச் சூழ்ந்து நிற்கிறது. மைசூர்ச் சேனை அதை நெருங்குகிறது. யார் எங்கே நின்றார் என்பதில் ஓவியனுக்கு ஐயமில்லை. ஆனால் களத்தில் நின்றவர்க்கு அத்தெளிவு கிட்டவில்லை என்பதையே ஈண்டு நாம் ஆராய விரும்புகிறோம்.

1779இல் சுவார்ட்ஸ் ஐயர் சமாதானத் தூதராக ஐதர் அலியிடம் சென்றார். தூது பலிக்கவில்லை. 1780 ஜூலையில் ஐதர் கருநாடகத்தினுள் புகுந்தார். அவரை எதிர்க்க ஹெக்டர் மன்றோ காஞ்சிபுரத்திற்கு வந்தார். குண்டூரிலிருந்து ஏறத்தாழ 2,800 பேருடன் வந்த பேய்லி அவருடன் சேர வேண்டும். ஆகஸ்டு 25 அன்று பேய்லி கொசத்தலையாற்றைக் கடக்காமல் வடகரையில் தங்கினார். இரவில் வெள்ளம் பெருகிற்று. ஒரு வாரத்திற்கு மேல் வீணாயிற்று. செப்டம்பர் 6இல் திப்பு அவரைப் பெரம்பாக்கத்தில் தாக்கினார். மன்றோ வந்து தம்மை மீட்க வேண்டுமென்று பேய்லி எழுதினார். மன்றோவோ, காஞ்சியில் சேர்த்துவைத்த உணவுப்பொருள்களை விட்டுவர அஞ்சி, பிளெட்சர் என்பவருடன் சுமார் 1,000 பேரை மட்டும் அனுப்பினார்.

9ஆம் தேதி இரவு புறப்பட்ட படையைப் பேய்லி இடைவழியில் நிறுத்தினார். விடிந்தபோது பகைவர் சூழ்ந்திருந்தனர். தொலைவில் தோன்றிய சேனையை மன்றோவின் படையென எண்ணி அவர்கள் மகிழ்ந்ததாகவும், அது ஐதரின் பெரும்படையெனப் பின்னரே உணர்ந்ததாகவும் கூறப்படுகிறது. வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதற, படை அழிந்தது. பீரங்கி ஓசை கேட்டுப் புறப்பட்ட மன்றோ உரிய வேளையில் வந்து சேரவில்லை. பின்னர்த் தம் பெரும் பீரங்கிகளைக் காஞ்சிக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார்.

அதன்பின் குற்றச்சாட்டுகள் எழுந்தன. பேய்லி தயங்கினார் என்றனர் சிலர். மன்றோ கைவிட்டார் என்றனர் வேறு சிலர். பேய்லி 1782இல் ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையிலேயே இறந்தார்; தம் தரப்பை எடுத்துரைக்க அவர் மீளவில்லை. மாண்டோரில் பெரும்பாலோரான இந்தியச் சிப்பாய்களின் பெயர்களையும் நாம் அறியோம்.

இருவரும் பிழை செய்தனர் என்பது மெய்யே. எனினும் ஆறு பெருகும் என்பதும், விடியலில் யார் சூழ்ந்திருப்பர் என்பதும் இன்று நமக்குத் தெரியும். அன்று அவர்களுக்குத் தெரியாது. திருச்சபை வரலாற்றை எழுதும்போதும், சபைப் பூசலில் ஒருவரைக் குறித்துத் தீர்ப்புச் சொல்லும்போதும் நாம் பெரும்பாலும் அந்த ஓவியனின் இடத்தில் நின்றே பேசுகிறோம். புகைக்குள் நின்றவர் அவ்வேளையில் எதை அறிந்திருந்தார் என்பதை முதலில் கேட்பது நம் கடமையாகும்.