முழங்காலைத் தாங்கும் நான்கு லிகமெண்ட்கள்

இடுப்பு மூட்டில், கிண்ணத்தில் பந்து அமர்ந்ததுபோல் எலும்பே எலும்பைப் பிடித்துக்கொள்கிறது. முழங்காலில் அப்படியல்ல. தொடை எலும்பின் உருண்ட முனை, கீழ்க்கால் எலும்பின் ஏறக்குறையத் தட்டையான தலைமீது நிற்கிறது. அது நழுவாமல் காப்பவை லிகமெண்ட் எனப்படும் நான்கு நார்க்கட்டுகள். ருகூவுக்கும் சுஜூதுக்கும் நாம் சிரமமின்றிப் போய்வருவதில் இவற்றின் பங்கு பெரிது, அல்ஹம்துலில்லாஹ்.

உட்பக்கம் ஒன்றும் வெளிப்பக்கம் ஒன்றும் முட்டி பக்கவாட்டில் விலகாமல் காக்கின்றன. மற்ற இரண்டும் மூட்டுக்குள்ளே குறுக்கும் மறுக்குமாகச் செல்கின்றன. அவற்றில் பின்புறமுள்ள பி.சி.எல். தடிமனானது, கீழ்க்கால் எலும்பு பின்னே தள்ளப்படாமல் தடுக்கிறது. பைக்கிலிருந்து விழுந்து, மடங்கிய முட்டியின் முன்பக்கம் தரையில் மோதினால் இது அடிபடலாம். முன்புறமுள்ள ஏ.சி.எல்., கீழ்க்கால் எலும்பு முன்னே நழுவாமலும் மூட்டு முறுக்கிக்கொள்ளாமலும் தடுக்கிறது.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் ஞாயிறு காலையில் பந்து விளையாடும் நம் இளைஞர்கள் அறிய வேண்டியது இந்த ஏ.சி.எல். பற்றித்தான். பாதம் தரையில் ஊன்றியிருக்க, உடல் சட்டென்று திரும்பும்போது இது அறுகிறது. 'டப்' என்று சத்தம் கேட்கலாம். சில மணி நேரத்தில் முட்டி வீங்கும். எக்ஸ்ரேயில் லிகமெண்ட் தெரியாது. எலும்பு முறியவில்லை என்றதும் எண்ணெய் தேய்த்துக் கட்டுப் போட்டுக்கொள்கிறார்கள். வீக்கம் வடிகிறது, நேராக நடக்கவும் முடிகிறது. ஆனால் திரும்பினால் முட்டி நழுவுகிறது. இப்படி அடிக்கடி நழுவினால் உள்ளிருக்கும் குருத்தெலும்புத் தட்டு கிழியும். எலும்பு மருத்துவர் முட்டியை அசைத்துப் பார்த்தும் எம்.ஆர்.ஐ. எடுத்தும் உறுதி செய்வார்.

உட்பக்க லிகமெண்ட் பெரும்பாலும் தானே ஆறிவிடும். முழுதாக அறுந்த ஏ.சி.எல். அப்படி ஒட்டுவது அரிது. எனினும் எல்லோருக்கும் அறுவை சிகிச்சை தேவையில்லை; விளையாட்டுக்குத் திரும்பாதவர்களில் பலருக்குப் பிசியோதெரபியே போதும். அறுவை செய்தால் தொடைத் தசையின் நாணை எடுத்துப் பொருத்துவார்கள். மைதானத்துக்குத் திரும்ப ஏறத்தாழ 9 மாதம் ஆகும்.

2022 நவம்பரில் சென்னையில் 17 வயதுக் கால்பந்து வீராங்கனை ஒருவர் லிகமெண்ட் அறுவைக்குப் பின் காலையும், பிறகு உயிரையும் இழந்தார். இறுக்கமான கட்டால் ரத்த ஓட்டம் தடைபட்டதாக அப்போது அமைச்சர் மா.சுப்பிரமணியன் தெரிவித்தார். கட்டுப் போட்ட பின் வலி கூடிக்கொண்டே போனாலோ, விரல்கள் மரத்தாலோ, சில்லிட்டாலோ, நிறம் மாறினாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இரவானாலும் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும்.

முட்டி மடங்காத நாட்களில் தொழுகையை விட்டுவிட வேண்டியதில்லை. நிற்க இயலாதவர் உட்கார்ந்து தொழலாம். தரையில் அமர முடியாவிட்டால் நாற்காலியில் அமர்ந்து, சுஜூதைச் சைகையால் நிறைவேற்றலாம்.