ஒத்தெல்லோ தழுவல்கள்

ஒத்தெல்லோ தழுவல்கள் என்பன ஆங்கில நாடகாசிரியர் வில்லியம் சேக்சுபியரின் ஒத்தெல்லோ என்னும் துன்பியல் நாடகத்தை அடிப்படையாகக் கொண்டு பிற மொழிகளிலும் கலை வடிவங்களிலும் உருவான ஆக்கங்கள் ஆகும். இவற்றுள் இத்தாலிய இசையமைப்பாளர் ஜுசெப்பே வேர்டியின் இசைநாடகம் (1887) உலகப் புகழ் பெற்றது. தமிழில் அ. மாதவையாவின் உதயலன் குறிப்பிடத்தக்கது. கதையின் மையமான பொறாமை எந்த நாட்டுக்கும் எளிதில் பொருந்துகிறது. ஆனால் நாயகனை அயலானாகக் காணும் தப்பெண்ணத்தை ஒவ்வொரு தழுவலும் தன் மண்ணுக்கேற்பப் புதிதாக அமைக்க வேண்டியுள்ளது.

மூலக் கதை

ஒத்தெல்லோ வெனிஸ் நகர அரசின் படைத்தலைவன், மூர் இனத்தவன். வெனிஸ் பெருமகன் பிரபான்சியோவின் மகள் டெஸ்டிமோனா அவனை விரும்பி மணக்கிறாள். பதவி உயர்வு கிட்டாத இயாகோ, டெஸ்டிமோனாவுக்கும் காசியோ என்பவனுக்கும் தொடர்பு உண்டென்று ஒத்தெல்லோவை நம்பச் செய்கிறான். ஒரு கைக்குட்டையே சான்றாகிறது. ஒத்தெல்லோ மனைவியைக் கொன்று, உண்மை அறிந்தபின் தானும் மடிகிறான். இந்நாடகம் 1604 நவம்பர் 1 அன்று இலண்டன் அரண்மனையில் நடிக்கப்பட்டதாகப் பதிவு உள்ளது.

வேர்டியின் இசைநாடகம்

ஒத்தெல்லோ இசைநாடகம் 1887 பெப்ரவரி 5 அன்று மிலான் நகரின் லா ஸ்காலா அரங்கில் முதன்முதலாக மேடையேறியது. அப்போது வேர்டியின் வயது 73. பாடல் வரிகளை எழுதியவர் அர்ரீகோ பொய்த்தோ. ஐந்து அங்கங்கள் கொண்ட மூல நாடகத்தை அவர் நான்காகச் சுருக்கினார். வெனிசில் நிகழும் முதல் அங்கம் நீக்கப்பட்டது; கதை சைப்பிரசுத் தீவில் புயலுடன் தொடங்குகிறது.

இதனால் கதை விரைவு பெற்றது. எனினும் ஓர் இழப்பும் நேர்ந்தது. வேற்றினத்தவனுக்குத் தன் மகள் மனைவியானதைப் பொறாத தந்தை நீக்கப்பட்ட அங்கத்திலேயே பேசுகிறார். அவருடன் தப்பெண்ணத்தின் வெளிப்படையான குரலும் மறைந்தது. எனவே நாயகன் அயலான் என்பதைப் பார்வையாளருக்கு உணர்த்தும் பணி பெரும்பாலும் முகப்பூச்சின் மேல் விழுந்தது. வெள்ளையினப் பாடகர்கள் முகத்தில் கருமை பூசிப் பாடுவது நெடுங்கால வழக்கமாயிற்று.

புதிய மேடையேற்றங்கள்

கருமைப் பூச்சு கறுப்பின மக்களை இழிவு செய்வது என்ற கண்டனம் வலுத்தது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் இசைநாடக அரங்கு 2015 இல் பார்ட்லெட் சேர் இயக்கிய புதிய மேடையேற்றத்தில் அதனைக் கைவிட்டது. இலண்டன் ராயல் இசைநாடக அரங்கில் 2022 இல் அமெரிக்கப் பாடகர் ரசல் தாமஸ் நாயகனாகப் பாடினார். அவ்வரங்கில் இப்பாத்திரத்தை ஏற்ற முதல் கறுப்பினப் பாடகர் இவரே. பூச்சு நீங்கிய மேடையில், நாயகன் எவ்வாறு அயலானாகிறான் என்பதை வேறு வழியில் காட்டும் பொறுப்பு இயக்குநரைச் சேர்கிறது.

தமிழில்

இதே சிக்கலுக்குத் தமிழில் ஒரு விடை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தாமிரபரணிப் பகுதியிலிருந்து வந்தது. பத்மாவதி சரித்திரம் புதினத்தின் ஆசிரியரான அ. மாதவையா (1872–1925) அப்பகுதியிலுள்ள பெருங்குளத்தில் பிறந்தவர். அவர் எழுதிய ஒத்தெல்லோ தழுவல் உதயலன் என்னும் கொற்கைச் சிங்களவன் ஆகும். மூல நாடகத்தின் முழுப் பெயர் "வெனிசின் மூரான ஒத்தெல்லோ" என்று பொருள்படும். மாதவையாவின் தலைப்பில் வெனிசு கொற்கையாகவும், மூர் சிங்களவனாகவும் மாறியுள்ளன. உதயலன் என்னும் பெயரும் ஒத்தெல்லோ என்பதன் ஒலியை ஒட்டியுள்ளது.

பொதிகை மலையில் தோன்றி, சேரன்மகாதேவி, திருநெல்வேலி வழியாக ஓடும் தாமிரபரணியின் கழிமுகத்தில் பாண்டியரின் துறைமுகமாக விளங்கியது கொற்கை. முத்துக் குளிப்புக்குப் புகழ் பெற்ற இதனைக் கிரேக்கக் குறிப்புகள் கொல்கை எனக் குறிக்கின்றன. கடல் பின்வாங்கியதால் இன்று ஊர் உள்நாட்டில் அமைந்துள்ளது. வெனிசைப் போலவே கடல் வணிகத்தால் செழித்த நகரம் ஆதலால் இத்தெரிவு பொருத்தமானது. தோலின் நிறத்தை விட, கடலுக்கு அப்பாலுள்ள பிறப்பே இத்தலைப்பில் அயன்மையின் அடையாளமாகிறது.

பின்னர் 1963 இல் வெளியான இரத்தத் திலகம் திரைப்படத்தில், சிவாஜி கணேசனும் சாவித்திரியும் கல்லூரி நாடகமொன்றில் ஒத்தெல்லோவாகவும் டெஸ்டிமோனாவாகவும் தோன்றும் காட்சி இடம்பெற்றது. அதன் உரையாடல் ஆங்கிலத்திலேயே அமைந்தது.

பிற இந்திய மொழிகளில்

ஜெயராஜ் இயக்கிய களியாட்டம் (மலையாளம், 1997) நாயகனைத் தெய்யம் ஆடும் கலைஞனாகவும் நாயகியை உயர்சாதிப் பெண்ணாகவும் காட்டியது. நாயகனாக நடித்த சுரேஷ் கோபி சிறந்த நடிகருக்கான தேசிய விருது பெற்றார். விஷால் பரத்வாஜின் ஓம்காரா (இந்தி, 2006) கதையை உத்தரப் பிரதேச அரசியல் அடியாட்களிடையே அமைத்தது. இவ்விரு படங்களிலும் இனத்தின் இடத்தைச் சாதி பெற்றது.

இவற்றையும் பார்க்கவும்

* அ. மாதவையா
* கொற்கை
* இசைநாடகம்