மேட்டுக்கு ஒரு திருகு

இலங்கையின் சப்ரகமுவத் தோட்டங்களின் இயந்திர வரலாறு பெரும்பாலும் குதிரைவலுவின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. தேயிலை ஆலையான ஸ்டோரில் தண்ணீர்ச் சக்கரம் சுற்றியது, நீராவி வந்தது, ஒயில் என்ஜின் வந்தது, 1950இல் லக்சபான நீர்மின்நிலையம் இயங்கத் தொடங்கிய பிறகு மோட்டார் வந்தது என்று வரிசைப்படுத்திவிடுவார்கள். இந்த வரிசை பிழையல்ல, ஆனால் முக்கியமான ஒன்று அதில் விடுபட்டுப்போகிறது. ஒயில் என்ஜின் எவ்வளவு இழுக்கும் என்பதற்கு எல்லை போட்டது சிலிண்டரின் பருமன் மட்டுமல்ல. எண்ணெயை அளந்து உள்ளே தள்ளிய சின்னஞ்சிறு உறுப்பும்தான். இன்று இரத்தினபுரியிலோ கேகாலையிலோ காரை மாற்றியமைக்கிறவர் பெரிய இன்ஜெக்டரும் கூடுதல் எரிபொருள் அழுத்தமும் தேடுகிறார் என்றால், அவர் கையில் எடுப்பது அந்தப் பழைய கணக்கைத்தான்.

அக்ராய்ட் ஸ்டூவர்ட் 1890இல் காப்புரிமை பெற்ற என்ஜினில், பழுக்கக் காய்ந்த ஒரு குமிழுக்குள் எண்ணெய் தெளிக்கப்பட்டது. சூடே எண்ணெயை ஆவியாக்கிவிடுவதால் பம்புக்குப் பெரிய அழுத்தம் தேவைப்படவில்லை. 1897இல் ருடோல்ஃப் டீசலின் என்ஜின் அதைவிடச் சிக்கனமாக எரித்தது. ஆனால் எண்ணெயை உள்ளே ஊதுவதற்கு அதற்குத் தனியாக ஒரு காற்றழுத்தி வேண்டியிருந்தது. ஆலையின் சிமெந்துத் தளத்தில் அதை இறக்கிவைக்கலாம், லொறியில் ஏற்ற முடியாது. காற்றின் உதவி இல்லாமல் எண்ணெயையே நூறு வளிமண்டலத்துக்கு நெருங்கிய அழுத்தத்தில் நொசல் வழியாகப் பீய்ச்சும் சிறிய பம்பை 1927இல் பொஷ் நிறுவனம் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்த பிறகுதான் டீசல் பரவலாகத் தெருவுக்கு வந்தது. என்ஜினை நகரவைத்தது பம்ப் என்று சொன்னால் அதில் மிகை அதிகமில்லை.

அந்தத் தெரு இங்கே எப்படிப்பட்டது? இரத்தினபுரிக்கு 1912இலும் ஓப்பநாயக்கவுக்கு 1919இலும் எட்டிய 762 மில்லிமீட்டர் குறும்பாதை ரயில், அவிசாவளைக்கு அப்பால் 1976இல் நிறுத்தப்பட்டது. ரயில் சுமந்த சரக்கும் லொறியின் தலையில் விழுந்தது. கித்துல்கலையிலிருந்து கினிகத்தேனைக்கும், மாவனல்லையிலிருந்து கடுகண்ணாவைக்கும் ஏறுகிற லொறிக்கு, கம்பனி குறித்துக்கொடுத்த எண்ணெய் அளவு போதவில்லை என்ற எண்ணம் வருவது இயல்பு. பொஷ் கொண்டுவந்த வரிசைப் பம்பில் உச்ச அளவைத் தடுத்து நிறுத்தும் திருகு ஒன்று உண்டு; கம்பி கோத்து ஈய முத்திரை வைத்திருப்பார்கள். கம்பியை வெட்டிக் கொஞ்சம் திருகினால் போதும், ஒவ்வொரு வீச்சிலும் எண்ணெய் கூடும், மேட்டில் இழுவையும் கூடும். ஆனால் அதை எரிக்கும் காற்று கூடாது. எரியாமல் மிஞ்சுவது கரும்புகையாக வெளியேறும். புகைக்குழாயின் சூடு ஏறும், பிஸ்டனின் ஆயுள் குறையும்.

அப்படியானால் வலுவைத் தீர்மானிப்பது காற்றுத்தானே, காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போ தானே, எண்ணெய்க்கு ஏன் இந்த முதலிடம் என்று கேட்கலாம். கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. காற்றில்லாத எண்ணெய் வீண். ஆனால் டீசலில் எண்ணெயைக் கூட்டாமல் காற்றை மட்டும் கூட்டினால் இழுவை ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்கும். பெற்றோலில் அது ஆபத்து, கலவை வறண்டு என்ஜின் தட்டும், பிஸ்டன் உருகும். ஆகவே டர்போ பூட்டியவர் அடுத்துப் போய் நிற்பது இன்ஜெக்டரின் முன்னால்தான். அங்கே, பெற்றோல் காரில், கணக்கு கொஞ்சம் கஞ்சத்தனமானது. நொசல் வழியே போகும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு மட்டுமே கூடும்: 3 பாரை 4 பார் ஆக்கினால் கிடைப்பது சுமார் 15 சதவீதம், இருமடங்கு வேண்டுமென்றால் அழுத்தத்தை நான்கு மடங்காக்க வேண்டும். டர்போ 1 பார் ஊதினால் அது நொசலின் வாயையே எதிர்த்துத் தள்ளும். அதை ஈடுகட்டவே எரிபொருள் குழாயில் 1 பார் ஏற்ற வேண்டும், இலாபம் எதுவுமில்லை. அழுத்தம் ஏற ஏற மின்பம்ப் தருகிற அளவோ இறங்கும். நேரமும் தாராளமில்லை. நிமிடத்துக்கு 6000 சுற்றில் ஒரு முழுச் சுழற்சிக்கு, அதாவது இரண்டு சுற்றுக்கு, 20 மில்லிசெக்கன். அதில் 17 மில்லிசெக்கன் நொசல் திறந்தே கிடந்தால் இனிக் கூட்டுவதற்கு இடமில்லை. அழுத்தத்தை மட்டும் நம்புவது கைக்கடங்கிய மாற்றத்துக்குப் போதும், அதற்கு மேல் பெரிய நொசலும் பெரிய பம்பும் தவிர்க்க முடியாதவை. பெரிய நொசல் போட்டுவிட்டுக் என்ஜின் கணினியின் அளவைத் திருத்தாமல் விட்டால், சும்மா நிற்கும்போதே என்ஜின் இருமும்.

தேயிலைக் கொழுந்து லொறிக்காரருக்கும் காரை மாற்றியமைக்கிறவருக்கும் என்ன உறவு, ஒருவர் சுமைக்காகத் திருகினார், மற்றவர் வேகத்துக்காக மாற்றுகிறார் என்ற ஆட்சேபம் இன்னும் எளிது. நோக்கம் வேறுதான். ஆனால் இரண்டு பேருமே உற்பத்தியாளர் வைத்த அளவை மீறுகிறார்கள். இரண்டு பேருக்கும் தேவைப்படுவது மீறியதை அளந்துபார்க்கும் கருவி. பெற்றோல் காரை மாற்றுகிறவரிடம் காற்று எரிபொருள் விகிதத்தைக் காட்டும் உணரி இருக்கிறது, அவர் அதிர்ஷ்டசாலி. லொறியைத் திருத்திய மெக்கானிக் பாஸுக்கு இருந்தது காதும் கண்ணும், குழாயிலிருந்து வரும் புகையின் நிறமும்தான். 2008இல் வாகனப் புகைப் பரிசோதனை தொடங்கியபோது டீசல் புகையின் கருமை ஓர் எண்ணானது. வருமான அனுமதிப்பத்திரத்துக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும் என்றானதும், மேட்டுக்காகத் திறந்துவிட்ட திருகைப் பரிசோதனைக்காகத் திருப்பி இறுக்கவேண்டிய காரணமும் பிறந்துவிட்டது.