கீழாநெல்லி கடந்து வந்த சோதனைகள்

மஞ்சள் காமாலை என்றால் கீழாநெல்லி. ஏரியும் வயலுமாக இருந்து சென்னையின் புறநகராகிவிட்ட கொரட்டூர் போன்ற ஊர்களில் வயல் போயும் இந்த வழக்கம் போகவில்லை. மழைக்குப் பின் காலி மனையில் முளைக்கும் செடியை அரைத்து மோரில் கலக்கிக் குடிக்கிறார்கள். இந்தக் கைவைத்தியம் 1988-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஏறியது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினரும், ஹெபடைடிஸ் பி ஆய்வுக்காக 1976-இல் நோபல் பெற்ற பரூக் புளும்பெர்க்கும் சேர்ந்து எழுதிய கட்டுரை அது. ஹெபடைடிஸ் பி கிருமியை நெடுநாளாகச் சுமப்பவர்களுக்கு 200 மில்லிகிராம் தூள், தினம் மூன்று வேளை, 30 நாள். உண்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் கிருமியின் மேலுறைப் புரதம் மறைந்தது. வெற்று மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. தானாக அது மறைவது ஆண்டுக்கு நூற்றில் ஒருவருக்கு என்ற அளவில்தான் என்பதால் உலகம் வியந்தது.

ஆனால் சிறு ஆய்வின் பெரிய வெற்றி, வேறு கைகளிலும் பலித்தால்தான் நிலைக்கும். தாய்லாந்தில் 1990-இலும் நியூசிலாந்தில் 1994-இலும் வெளியான ஆய்வுகளில் பலிக்கவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் குழு 2011-இல் இவ்வகை ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், வெற்று மருந்தைவிட இது மேல் என்று சொல்ல உறுதியான சான்று கிடைக்கவில்லை.

மண்ணும் பருவமும் மாறினால் செடியின் சத்தும் மாறும் என்பது நியாயமான மறுப்பு. அப்படியானால் குணம் கீழாநெல்லி என்ற பெயருக்கு அல்ல, அளந்து தரப்படுத்திய ஒரு மருந்துக்கு உரியது; காலி மனையில் பிடுங்கிய செடிக்கு அந்தச் சான்று பொருந்தாது. பத்தியமும் மோரும் இல்லாத சோதனை சித்த மருத்துவத்தைச் சோதித்ததாகாது என்பார்கள். ஆனால் 1988-இல் வென்றதும் வெறும் தூள்தான். அந்த வெற்றியை ஏற்பவர் பின்வந்த தோல்வியை மட்டும் தள்ள முடியாது. குடித்துக் குணமானவர்கள் எத்தனையோ பேர் என்பது மூன்றாவது வாதம். ஹெபடைடிஸ் ஏ காமாலை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானே தணியும். மருந்துக்குப் பின் குணம் வந்ததாலேயே மருந்தால் வந்தது என்றாகாது. சென்னை ஆய்வாளர்கள் வெற்று மருந்தோடு ஒப்பிட்டது இந்த மயக்கத்தைத் தவிர்க்கத்தான். வழக்கத்துக்கு அவர்கள் செய்த மரியாதை அது. பின்வந்த முடிவுகளையும் ஏற்பதே அந்த மரியாதையின் மிச்சப் பாதி. எந்தக் காமாலை என்று ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். ஹெபடைடிஸ் பி-யை அடக்கி வைக்க இன்று டெனோஃபோவிர் போன்ற மாத்திரைகள் உண்டு. அவை தேவைப்படுபவர் கீழாநெல்லியை மட்டும் நம்பிக் கடத்தும் மாதங்களுக்கு விலை கொடுப்பது அவருடைய ஈரல்.