பால் பயணப்படாத காலம்

வியாழக்கிழமை விடியும் முன்பே அய்யலூர் ஆட்டுச் சந்தை கூடிவிடும். அங்கே வரிசையாக நிற்கும் வேன்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அம்மாச்சியின் ஆடு ஞாபகம் வரும்.

அப்போது எனக்கு மூன்று வயது. அப்பாவுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றிய லாரியில் அம்மாச்சி ஒரு வெள்ளாட்டையும் அதன் குட்டியையும் ஏற்றினாள். “ஆடே இடைஞ்சல், இதுல குட்டி வேறயா ஆத்தா?” என்றாராம் டிரைவர். “குட்டி மூஞ்சியப் பாக்காம அது பால் விடாதுய்யா” என்றாளாம்.

ஒட்டன்சத்திரம், தாராபுரம் வழி. நடுவில் புளியமரத்தடியில் லாரியை நிறுத்தச் சொல்லி, குட்டியை ஊட்டவிட்டு, மிச்சத்தை எனக்குக் கறந்தாள். புது ஊர்த் தண்ணியில் ஆடு வாய் வைக்காது என்று ஒரு குடம் ஊர்த் தண்ணியும் கூடவே வந்தது.

இதை எங்கள் வீட்டுக் கூத்து என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். படிக்கப் போனால், உலகமே அப்படித்தான் பயணம் செய்திருக்கிறது. ஐஸ் பெட்டி வருவதற்கு முன் பால் தூரம் போகாது, திரிந்துவிடும். அதனால் பால் வேண்டியவர்கள் மடியையே கூட்டிக்கொண்டு போனார்கள். மாட்டைவிட ஆடு தோது. கொஞ்ச இடம் போதும், தீனியும் குறைவு.

ஹைதர் அலி 1755-ல் திண்டுக்கல்லுக்கு பௌஜ்தாராக வந்து பதினொரு வருஷம் கழித்து, இங்கிலாந்தில் ஓர் ஆடு கப்பல் ஏறியது. 1766-ல் ‘டால்பின்’ கப்பலில் உலகைச் சுற்றி வந்தது. 1768-ல் கேப்டன் குக்கின் ‘எண்டெவர்’ கப்பலில் மறுபடி கிளம்பி, 1771-ல் ஊர் திரும்பியது. அதன் கழுத்துப் பட்டைக்காக சாமுவேல் ஜான்சன் லத்தீனில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தார். 1772-ல் ஆடு செத்துப்போனது. நம் நாட்டு ஆடுகளும் கப்பல் ஏறின. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிருந்து போன ஜமுனாபாரி ஆடுகளின் ரத்தம் இன்றைய ஆங்கிலோ-நூபியன் இனத்தில் ஓடுகிறது.

இந்தக் கதைகளில் எல்லாம் ஒன்று விடுபடுகிறது: குட்டி. குட்டி போடாமல் எந்த ஆட்டுக்கும் பால் இல்லை. குக்கின் ஆட்டுக்குப் பட்டை கிடைத்தது. அதன் குட்டி என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை.

அந்தப் பாலைக் குடித்து உறுத்தலோடு இருந்தவர் காந்தி. மாட்டையும் எருமையையும் கறக்கச் செய்யும் கொடுமைகளைக் கேள்விப்பட்டு, 1912-ல் தென்னாப்பிரிக்காவில் பாலை விட்டார். 1918-ல் கேடாவில் படுத்த படுக்கையானார். பால் குடிக்காமல் தேறாது என்றார் மருத்துவர். அப்படியானால் ஆட்டுப்பாலுக்கு என்ன தடை என்று கேட்டார் கஸ்தூரிபா. காந்தி இறங்கி வந்தார். விரதத்தின் சொல்லைக் காப்பாற்றினேன், உயிரைக் கொன்றேன் என்ற பொருளில் பின்னாளில் சுயசரிதையில் எழுதினார். ஆனாலும் அந்தப் பாலை அவர் கடைசிவரை விடவில்லை. 1946 பிப்ரவரியில் மதுரையிலிருந்து பழனி போனவரின் பாதை எங்கள் திண்டுக்கல் சீமைதான். தேசத்துக்கே சத்தியம் சொன்னவர், ஒரு டம்ளர் பாலுக்கு முன்னால் தோற்றதை ஒளிக்கவில்லை. அதுதான் எனக்கு அவரிடம் பெரிசாகப் படுகிறது.

அம்மாச்சி சுயசரிதை எழுதவில்லை. குட்டியையும் லாரியில் ஏற்றினாள், அவ்வளவுதான். முதல் பங்கு அதற்கு, மிச்சம் பேரனுக்கு. நான் குடித்த பாலுக்கு அவள் அங்கேயே கணக்கு முடித்துவிட்டாள்.

இன்று பால் டேங்கரில் போகிறது. ஆடு கறிக்காகப் போகிறது. 1978-ஆம் வருஷத்து விலங்குப் போக்குவரத்து விதிகள் மருத்துவச் சான்று, வழித் தீனி, கிடாவுக்குத் தனி இடம் என்றெல்லாம் சொல்கின்றன. போன வாரம் சந்தையில் ஒரு தாயாட்டைத் தூக்கி வேனில் போட்டார்கள். மடி புடைத்திருந்தது. காம்பிலிருந்து பால் தானாகச் சொட்டி, வேன் தகரத்தில் கோடாக ஓடியது.

“இதோட குட்டி எங்கண்ணே?” என்று கேட்டேன்.

“அது காலைலயே வேற வண்டில போயிருச்சு தம்பி.”